மகாகனி, கஸ்டம்ஸ், கொஞ்சம் ஏரோப்ளேன் ஸ்கிராப்: பிரிட்டிஷ் ஃபர்னிச்சர் வந்த வழி

ஹொரேஸ் வால்போல்னு ஒருத்தர் 18-ஆம் நூற்றாண்டுல லண்டன் பக்கத்துல இருந்தாரு, பெரிய இடத்துப் பிள்ளை, அப்பா சர் ராபர்ட் வால்போல் தான் பிரிட்டனோட முதல் பிரதமர்னு எல்லாரும் சொல்ற ஆளு. பையனுக்கு அரசியலை விட பழைய சாமான் மேல தான் கிறுக்கு. ட்விக்கன்ஹம்ல ஸ்ட்ராபெரி ஹில்னு ஒரு வீட்டை வாங்கி அதை கொஞ்சம் கொஞ்சமா கோதிக் கோட்டை மாதிரி மாத்திட்டு இருந்தாரு, உள்ள போடுறதுக்கு அசல் பழைய இங்கிலீஷ் சாமானா தேடி அலைஞ்சாரு. ஈஷர் பிளேஸ்ங்கிற வீட்டுல கருங்காலி மரத்துல செஞ்ச சேர் சிலது கண்ணுல பட்டுச்சு, முறுக்கு மாதிரி கடைஞ்ச கால், முதுகுச் சட்டம் பூரா பூவும் கொடியுமா செதுக்கல். ட்யூடர் வம்சத்து ராஜா எட்டாம் ஹென்றி காலத்துல அந்த வீட்டுல அவரோட மந்திரி கார்டினல் உல்சி குடியிருந்தாரு, அப்ப இது உல்சி உக்காந்த சேர் தான், அப்ப இது ட்யூடர் காலத்துச் சாமான் தான்னு மனுஷன் முடிவே கட்டிட்டாரு. அதுக்கப்புறம் அதே மாதிரி கருப்பு சேர் எங்க ஏலத்துக்கு வந்தாலும் வாங்கிக் குவிச்சாரு, அவரைப் பாத்து மத்த பிரபுக்களும் வாங்குனாங்க, நூறு வருஷத்துக்கு மேல இங்கிலாந்து முழுக்க அந்த சேருங்களுக்கு "ட்யூடர் சேர்"னு தான் பேரு.

உண்மை என்னன்னா அதெல்லாம் நம்ம கோரமண்டல் கரையில செஞ்சது. சோழமண்டலம்ங்கிற பேரு தான் ஐரோப்பாக்காரன் வாயில கோரமண்டல் ஆச்சு. உல்சி செத்தது 1530-ல, இந்த சேருங்களைச் செஞ்சது 1600-களோட ரெண்டாம் பாதியில, டச்சுக்காரன் இங்கிலீஷ்காரன் எல்லாம் இங்க கம்பெனி வெச்சிருந்த காலத்துல, அவங்களுக்காக இங்கத்து ஆசாரிங்க செஞ்சு கொடுத்தது. கப்பல்ல போயிடுச்சு, எங்கேர்ந்து வந்துச்சுங்கிறது மறந்துடுச்சு, கடைசில இங்கிலாந்தோட பழம்பெருமைன்னு மியூசியம் மாதிரி வீட்டுல ஏறி உக்காந்துடுச்சு.

இந்தக் கதையில இருந்து ஆரம்பிக்கிறதுக்கு காரணம் இருக்கு. பிரிட்டிஷ் ஃபர்னிச்சர் பத்தி எங்க படிச்சாலும் சிப்பண்டேல், ஹெப்பிள்வைட், ஷெரட்டன்னு மும்மூர்த்தி லிஸ்ட் தான் முதல்ல வரும், அப்புறம் மாரிஸ், அப்புறம் மாக்கின்டாஷ், அப்புறம் கொஞ்சம் மாடர்ன் ஆளுங்கன்னு ஒரு மேதைகள் வரிசையா சொல்லிட்டுப் போவாங்க. எனக்கு அது பாதிக் கதையா தான் படுது. மரம் எங்கேர்ந்து வந்துச்சு, கஸ்டம்ஸ்ல எதுக்கு வரி போட்டான் எதுக்கு விட்டான், காசு யாருகிட்ட இருந்துச்சு, இதை வெச்சுப் பாத்தா தான் ஒரு சேரோட கால் ஏன் அப்படி இருக்குன்னே புரியுது.

ரொம்ப காலமா இங்கிலாந்துல ஓக் மரம் தான், கனமா பெட்டி மாதிரி சாமானுங்க. 1660-க்கு அப்புறம் வால்நட் ஃபேஷன் ஆச்சு, மெல்லிசா சீவி வெனீரா ஒட்டுனா அழகான ரேகை, ஆனா பூச்சி அரிக்கும். அந்த நேரம் பாத்து 1709-ல ஐரோப்பா முழுக்க பயங்கரமான குளிர்காலம் வந்து வால்நட் மரம் ஏகப்பட்டது பட்டுப்போச்சு, 1720-ல பிரான்ஸ் வால்நட்டை வெளியில அனுப்பவே கூடாதுன்னு தடை போட்டுடுச்சு. மறு வருஷம், 1721-ல, அதே அப்பா வால்போல் ஆட்சியில ஒரு சட்டம் வருது, அமெரிக்கா பக்கம் இருக்குற பிரிட்டிஷ் காலனிகள்ல இருந்து வர்ற மரத்துக்கு இறக்குமதி வரி கிடையாதுன்னு. சட்டம் போட்டது கப்பல் கட்டுற மரத்துக்காக தான். ஆனா அந்த வாசல் வழியா உள்ள நுழைஞ்சது ஜமைக்கா மகாகனி. வால்போல் தன்னோட ஹௌட்டன் ஹால் வீட்டுல மாடிப்படி கதவுன்னு மகாகனியா இழைச்சு வெச்சாரு, வரியை எடுத்தவர் வீட்டுக்கே முதல் பந்தி.

மகாகனியோட குணம் என்னன்னா பலகை அகலமா கிடைக்கும், ஒரே பலகையில டேபிள் மேல்தட்டு போடலாம், பூச்சி அவ்வளவா தொடாது, வளையாது, உளி வெச்சா பொரியாம கூர்மையா வெட்டு விழும். முக்கியமா மெல்லிசா அறுத்து நடுவுல ஓட்டை ஓட்டையா வெட்டுனாலும் உடையாது. 1750-கள்ல வந்த இங்கிலீஷ் சேரோட முதுகைப் பாருங்க, ரிப்பன் கட்டுன மாதிரி பின்னிப் பின்னி வெட்டி இருக்கும். அதை ஓக்ல வெட்டுனா பொடிப்பொடியா போகும். டிசைனர் கற்பனைன்னு நாம சொல்றதுல பாதி அந்த மரத்தோட தயவு.

அந்த மரத்தை வெட்டுனது யாருங்கிறதையும் சொல்லணும். ஆப்பிரிக்காவுல இருந்து பிடிச்சுட்டு வந்த அடிமைகள். ஜமைக்காவுல ஈஸியா கிடைக்கிற மரம் தீர்ந்ததும் கியூபா, ஹோண்டுராஸ் பக்கம் போனாங்க. இன்னிக்கு பெலிஸ்னு சொல்ற இடத்துல மகாகனி காடு கூட்டமா வளராது, அங்கொண்ணு இங்கொண்ணா தான் நிக்கும், அதனால மரம் தேடுறதுக்குன்னே ஒரு அடிமை இருப்பான், ஆகஸ்ட் மாசம் மகாகனி இலை செம்மஞ்சளா மாறும்போது காட்டுலயே உயரமான மரத்து உச்சியில ஏறி எந்தப் பக்கம் அந்த நிறம் தெரியுதுன்னு பாத்து வெச்சுக்கிட்டு, கூட்டத்தை அங்க கூட்டிட்டுப் போவான். அடிமரம் விரிஞ்சு பரந்து இருக்கும்ங்கிறதால தரையில நின்னு வெட்ட முடியாது, பத்துப் பன்னெண்டு அடி உயரத்துல பரண் கட்டி அது மேல நின்னு கோடாலி போடணும். வெயில்ல மாடு தாங்காதுன்னு ராத்திரி பந்தம் கொளுத்தி வெச்சுக்கிட்டு கட்டையை ஆத்துக்கு இழுப்பாங்க. லண்டன் டிராயிங் ரூம்ல பளபளன்னு நிக்கிற மேசைக்குப் பின்னால இந்தப் பந்த வெளிச்சம் இருக்கு.

சரி, தாமஸ் சிப்பண்டேல். யார்க்‌ஷயர்ல ஓட்லிங்கிற ஊர்ல 1718-ல பொறந்தாரு, தச்சு வேலைக் குடும்பம், லண்டன் வந்து செயின்ட் மார்ட்டின்ஸ் லேன்ல கடை போட்டாரு. அந்தத் தெருவுல அவரை விட நல்லா வேலை செஞ்சவங்க இருந்தாங்கன்னே சொல்லலாம். ஆனா 1754-ல அவர் ஒரு வேலை பண்ணுனாரு, தன் டிசைன் எல்லாத்தையும் செப்புத் தகட்டுல செதுக்கி அச்சடிச்சு "தி ஜென்டில்மேன் அண்ட் கேபினட்-மேக்கர்ஸ் டைரக்டர்"னு பெரிய சைஸ் புக்கா போட்டாரு. ஒரு கேபினட் மேக்கர் தன் டிசைனை அந்த அளவுக்கு புக்கா போட்டது அதுவரைக்கும் கிடையாது. முன்கூட்டியே காசு கட்டி புக் பண்ணவங்க லிஸ்ட்ல பிரபுக்களும் இருக்காங்க, நிறைய தச்சர்களும் இருக்காங்க, அதாவது வாங்குறவனுக்கும் அது கேட்லாக், செய்யுறவனுக்கும் அது கேட்லாக். 1762-ல மூணாவது எடிஷன் வரும்போது 200 படம். ஃபிலடெல்ஃபியா வரைக்கும் புக் போச்சு, அங்க இருந்த ஆசாரிங்க அதைப் பாத்து செஞ்சாங்க, அதனால தான் இன்னிக்கு சிப்பண்டேல்ங்கிறது ஒரு ஆள் பேரா இல்லாம ஒரு ஸ்டைல் பேரா ஆகிடுச்சு.

இதுல ஒரு தமாஷ். பழைய சாமான் கடைக்காரங்க யாரைக் கேட்டாலும், பறவை நகம் ஒரு பந்தைப் பிடிச்ச மாதிரி செதுக்குன காலைக் காட்டி "இது சிப்பண்டேல் கால் சார்"னு சொல்லுவாங்க, எங்கிட்டயும் ஒருத்தர் அப்படிச் சொல்லித் தான் ஒரு சேரைத் தலையில கட்டப் பாத்தாரு (கவுத்துப் பாத்தா ஸ்டார் ஸ்க்ரூ). சிப்பண்டேல் புக்குல அந்த நகம்-பந்து கால் ஒரு படத்துல கூட கிடையாது. அது அவருக்கு முந்தின ஃபேஷன்.

பேரும் புகழும் இருந்தாலும் காசு விஷயத்துல மனுஷன் கடைசி வரைக்கும் அல்லாடுனாரு. அப்ப பெரிய வீட்டுக்காரங்க உடனே பில் கட்டுற பழக்கமே இல்ல, வருஷக்கணக்கா இழுப்பாங்க, நாஸ்டெல் பிரயரி வீட்டுக்காரருக்கு அவர் எழுதுன லெட்டருங்க இன்னும் இருக்கு, கெஞ்சாத குறையா காசு கேக்குறாரு. ஹேர்வுட் ஹவுஸ்ங்கிற மாளிகைக்கு 1773-ல செஞ்ச ஒரு அலங்கார டிராயர் பெட்டிக்கு மட்டும் பில் 86 பவுண்டு, ஒரு கூலித் தொழிலாளியோட பல வருஷ சம்பளம் அது. ஹேர்வுட் கட்டுன லாசெல்ஸ் குடும்பத்துக்கு பணம் எங்கேர்ந்து வந்துச்சுன்னா பார்படோஸ் சக்கரையும் அடிமை வியாபாரமும். மரமும் அங்கேர்ந்து, மரத்தை வாங்குற காசும் அங்கேர்ந்து. 1779-ல சிப்பண்டேல் காசநோய்ல போயிட்டாரு, அதே பேர் வெச்ச மகன் கடையை நடத்தி 1804-ல திவால் ஆனாரு.

1721-ன்னு சொன்னேன் இல்ல, அந்த வருஷம் இன்னொரு சட்டமும் வந்துச்சு. மரத்துக்கு கதவைத் திறந்த அதே வருஷம் இந்தியாவுல இருந்து வர்ற பூப்போட்ட பருத்தித் துணிக்கு கதவை இறுக்கிச் சாத்துனாங்க. சின்ட்ஸ்னு இங்கிலீஷ்ல சொல்றது நம்ம சீட்டித் துணி தான், கோரமண்டல் கரையில கையால சாயம் தோய்ச்சு வரைஞ்சது, அதோட நிறம் வெளுக்காதுங்கிறதால லண்டன்ல பைத்தியமா வாங்குனாங்க, உள்ளூர் கம்பளி பட்டு நெசவாளிங்க கலாட்டா பண்ணி தடை வாங்கிட்டாங்க. டேவிட் காரிக்னு பெரிய நாடக நடிகர், அவருக்கு சிப்பண்டேல் கடை தான் வீட்டுச் சாமான் எல்லாம் செஞ்சு கொடுத்துச்சு. கல்கத்தா வியாபாரிங்க காரிக்கோட மனைவிக்கு மசூலிப்பட்டினத்து சீட்டித் துணியை கட்டில் திரைக்குன்னு பரிசா அனுப்புனாங்க, அந்தத் துணியை கஸ்டம்ஸ்காரன் வந்து தூக்கிட்டுப் போயிட்டான். காரிக் தனக்குத் தெரிஞ்ச அதிகாரிக்கெல்லாம் லெட்டர் எழுதி அலைஞ்சாரு. அந்தக் கட்டில் இன்னிக்கு லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியத்துல திரையோட நிக்குது.

அப்படித் தடை பண்ணுன துணி நாளாவட்டத்துல இங்கிலீஷ் கிராமத்து வீட்டோட அடையாளமாவே ஆகிடுச்சு, சோஃபா கவர், கர்ட்டன் எல்லாம் சின்ட்ஸ். 1996-ல ஐக்கியாங்கிற ஸ்வீடன் ஃபர்னிச்சர் கம்பெனி பிரிட்டன்ல ஒரு பெரிய விளம்பரம் ஓட்டுச்சு, பழைய இங்கிலீஷ் ரசனையை விட்டுட்டு எங்க சாமானை வாங்குங்கன்னு சொல்றதுக்கு அவங்க சொன்னது "உங்க சின்ட்ஸைத் தூக்கி வெளிய போடுங்க". முதல்ல அந்நியத் துணின்னு தடை, கடைசில ரொம்ப இங்கிலீஷா இருக்குன்னு குப்பை. பேச்சோட பேச்சா, நம்ம பக்கம் வார்த்தையும் இப்படித் தான் ஊர் சுத்தி வந்திருக்கு. மேசையும் அலமாரியும் போர்ச்சுகீஸ், இலங்கையில சொல்ற கதிரையும் போர்ச்சுகீஸ், பீரோ மட்டும் ஃப்ரெஞ்சு, லண்டன்ல பீரோன்னா சரிவா மூடி வெச்ச எழுதுற மேசை, நம்மகிட்ட வந்து அது நகை பூட்டி வைக்கிற இரும்பு அலமாரி ஆகிடுச்சு.

மும்மூர்த்தியில மத்த ரெண்டு பேர் கதை இன்னும் வேடிக்கை. ஜார்ஜ் ஹெப்பிள்வைட் 1786-ல செத்துட்டாரு, அவரோட மனைவி ஆலிஸ் தான் 1788-ல அவர் டிசைன்களை புக்கா போட்டாங்க. கேடயம் மாதிரி முதுகு வெச்ச சேருக்கு இன்னிக்கும் அவர் பேரு தான், ஆனா இது அவர் கையால செஞ்சதுன்னு உறுதியா காட்ட ஒரு ஸ்டூல் கூட கிடையாது. தாமஸ் ஷெரட்டனும் அதே கேஸ், 1791-ல இருந்து டிராயிங் புக் போட்டாரு, நேர்கோடு, மெல்லிசான கால், மேல சாட்டின்வுட் வெனீர்னு அந்தக் காலத்தோட ரசனையையே அவர் படம் தான் சொல்லுது. (சாட்டின்வுட் முதல்ல வெஸ்ட் இண்டீஸ்ல இருந்து வந்துச்சு, அப்புறம் இந்தியா, இலங்கையில இருந்தும் போச்சு, அதான் நம்ம புரசு, ஈழத்துல முதிரை.) ஆனா லண்டன்ல அவர் குடியிருந்தது ஒரு ஏழைத் தெரு, பாப்டிஸ்ட் பிரசங்கமும் பண்ணிக்கிட்டு வறுமையில கிடந்தாரு. பின்னாடி பெரிய பதிப்பாளரா ஆன ஆடம் பிளாக் சின்ன வயசுல கொஞ்ச நாள் அவர்கிட்ட வேலை பாத்தப்ப, டீ குடிக்க வீட்டுல போதுமான கப் இல்லாம, ஷெரட்டன் மனைவி தன்னோட கப்பை விருந்தாளிக்குக் கொடுத்துட்டு குழந்தையோட சின்னக் கிண்ணம் மாதிரி ஒண்ணுல குடிச்சதை எழுதி வெச்சிருக்காரு. இன்னிக்கு ஏலத்துல "ஷெரட்டன் பாணி"ன்னு ஒரு வார்த்தை சேத்தா விலை எங்கயோ போகுது.

இதெல்லாம் பங்களா கதை. சாதாரண ஜனம் உக்காந்தது வின்ட்ஸர் சேர்ல. அதுக்கு டிசைனர்னு யாரும் கிடையாது, என்னைக் கேட்டா பிரிட்டன் செஞ்சதுலயே புத்திசாலித்தனமான சேர் அது தான்.

லண்டனுக்கு வடமேற்குல பக்கிங்ஹம்‌ஷயர்ல ஹை விக்கம்னு ஒரு ஊர், சுத்தி சில்டர்ன் மலை, மலை பூரா பீச் மரக் காடு. காட்டுக்குள்ளயே குடிசை போட்டு சேர் கால் மட்டும் கடையிறவங்களுக்கு பாட்ஜர்னு பேரு. அவங்க கடைசல் மிஷினுக்கு கரன்ட்டும் இல்ல சக்கரமும் இல்ல, வளையக்கூடிய நீளமான கம்பு ஒண்ணை மேல கட்டி, அதுல இருந்து ஒரு கயிறை இறக்கி கடையிற கட்டையில ஒரு சுத்து சுத்தி கீழ மிதிபலகையில கட்டி இருப்பாங்க. மிதிச்சா கட்டை நம்மளைப் பாத்து சுத்தும், உளியை வெக்கலாம், காலை எடுத்தா கம்பு நிமிர்ந்து கட்டை திருப்பிச் சுத்தும், அப்ப உளியைக் கொஞ்சம் பின்வாங்கணும். மிதி, வெட்டு, விடு, மிதி, வெட்டு, விடு, நாள் பூரா இப்படியே. பச்சை மரத்துலயே கடைஞ்சுடுவாங்க, சீவ லேசா இருக்கும்னு. கால் எல்லாம் 144 கணக்குல கட்டு கட்டி ஊருக்குள்ள பட்டறைக்கு விப்பாங்க.

பட்டறையில உக்கார்ற பலகை எல்ம் மரம், ஏன்னா எல்மோட நார் ஒண்ணோட ஒண்ணு பின்னி இருக்கும், ஓரத்துல ஓட்டை போட்டாலும் பிளக்காது. அதை ஒருத்தர் காலுக்கு நடுவுல தரையில வெச்சு வாச்சியால கொத்திக் கொத்தி பின்பக்கத்துக்கு தோதா குழி எடுப்பாரு, கட்டைவிரல் போகாம இருந்தா அதிர்ஷ்டம். முதுகு வளைவுக்கு ஆஷ் இல்லன்னா யூ மரத்தை ஆவியில வேக வெச்சு வளைப்பாங்க. இதுல தான் சூட்சுமமே இருக்கு, நல்லா காஞ்ச காலை இன்னும் முழுசா காயாத பலகை ஓட்டையில அடிச்சு இறக்குவாங்க, பலகை காயக் காயச் சுருங்கி காலைக் கவ்விப் பிடிச்சுக்கும். 1870-கள்ல அந்த ஊர் ஒரு நாளைக்கு 4,700 சேர் செஞ்சுச்சுன்னு கணக்கு சொல்றாங்க. 1877-ல விக்டோரியா ராணி அந்த வழியா வந்தப்ப ரோட்டுக்கு குறுக்க சேரையே அடுக்கி வளைவு கட்டி வரவேற்பு கொடுத்தாங்க, நம்ம ஊர்ல வாழை மரம் கட்டுற மாதிரி.

டிசைனர் வில்லியம் மாரிஸ் பத்தி ரொம்பச் சொல்லப்போறதில்ல, அவரைப் பத்திப் பேச ஆளு நிறைய இருக்கு. 1861-ல கம்பெனி ஆரம்பிச்சாரு, மிஷின்ல செஞ்ச போலி அலங்காரம் வேண்டாம், கையால நேர்மையா செய்யணும், சாதாரண மக்களுக்கும் அழகு வேணும்னாரு. கொள்கை அருமை, ஆனா கையால செஞ்சா விலை ஏறும், விலை ஏறுனா வாங்குறது மறுபடி பணக்காரன் தான், அது அவருக்கே குத்திக்கிட்டே இருந்துச்சு. அவர் கம்பெனி சாமான்ல எனக்குப் பிடிச்சது அலங்காரப் பெட்டி எதுவும் இல்ல, சசெக்ஸ் சேர் தான், ஒல்லியான கருப்புக் கால், கோரை பின்னுன சீட், கிராமத்துல ஏற்கனவே இருந்த சேரைப் பாத்து செஞ்சது. ஸ்காட்லாந்துல சார்ல்ஸ் ரென்னி மாக்கின்டாஷ் கிளாஸ்கோ டீக்கடைங்களுக்காக உயர முதுகு சேர் போட்டாரு, ஹில் ஹவுஸ்ல 1902-க்கு அப்புறம் ஏணி மாதிரி சேர், பாக்க பிரமாதம், உக்காந்தா முதுகு சொல்லும் சேதி. மாரிஸ் வழியில வந்த எர்னஸ்ட் கிம்சனும் பார்ன்ஸ்லி சகோதரர்களும் 1893-ல லண்டனை விட்டு காட்ஸ்வோல்ட் கிராமத்துக்குப் போய் மரத்தோட ஜாயின்ட்டை மறைக்காம அதையே அழகா காட்டுற மாதிரி சாமான் செஞ்சாங்க. இவங்க பெருசா விக்கல. ஆனா அந்தப் பக்கம் ப்ராட்வேங்கிற ஊர்ல அப்பாவோட ஹோட்டலுக்கு பழைய சாமான் ரிப்பேர் பாத்துக்கிட்டு வளர்ந்த கார்டன் ரஸ்ஸல்ங்கிற பையன் இதைப் பாத்துக் கத்துக்கிட்டாரு, அவர் தான் அடுத்து முக்கியம்.

ரெண்டாம் உலகப் போர் வந்துச்சு. பிரிட்டனுக்கு மரம் பெரும்பாலும் வெளிநாட்டுல இருந்து கப்பல்ல வரணும், கப்பல்ல சாப்பாடும் ஆயுதமும் ஏத்தவே இடம் இல்ல. இன்னொரு பக்கம் குண்டு விழுந்து லட்சக்கணக்குல வீடு போச்சு, கட்டிலும் மேசையும் இல்லாம ஜனம். பழைய சாமான் விலை கண்டபடி ஏறுது. 1942-ல அரசாங்கமே இறங்கி யூட்டிலிட்டி ஃபர்னிச்சர்னு ஒரு திட்டம் போட்டுச்சு, இனிமே இந்த டிசைன் தான் செய்யலாம், இந்த விலை தான், வேற எதையும் செய்யக்கூடாது. முதல் டிசைன் பலதும் போட்டது எட்வின் க்ளிஞ்ச், ஹெச். டி. கட்லர்னு ரெண்டு பேர், ஹை விக்கம் ஆளுங்க. அப்புறம் டிசைன் பேனலுக்கு தலைவரா வந்தவர் கார்டன் ரஸ்ஸல்.

1943 ஜனவரி 1-ஆம் தேதி கேட்லாக் வந்துச்சு, மொத்தமே சுமார் 30 சாமான். ஓக் இல்லன்னா மகாகனியில சட்டம், நடுவுல வெனீர் ஒட்டுன ஹார்ட்போர்டு, ஆணி அடிச்சு ஒப்பேத்தக்கூடாது, துளை போட்டு நாக்கு விட்டு பூட்டுற ஜாயின்ட் தான், இரும்பு கிடைக்காதுங்கிறதால கைப்பிடி கூட மரத்துல. செதுக்கல், பூ வேலை, ஒண்ணும் கிடையாது. கல்யாணம் ஆன புதுசு, குண்டு விழுந்து வீடு போனவங்க, இவங்களுக்கு மட்டும் தான் பர்மிட், ஒரு குடும்பத்துக்கு 60 யூனிட், அதுக்குள்ள கட்டிலா அலமாரியான்னு கணக்கு போட்டு வாங்கணும், பின்னாடி அந்த 60-ஐயும் குறைச்சுட்டாங்க. நம்ம ரேஷன் கார்டு மாதிரி, ஆனா சக்கரைக்குப் பதிலா சேர். ஒவ்வொரு சாமான் அடியிலயும் சிசி 41-னு முத்திரை, ரெண்டு சி-யும் ஒரு மூலை வெட்டுன வட்டமா இருக்கும், ஜனங்க அதை சீஸ் துண்டுன்னு கிண்டல் பண்ணுனாங்க.

மாரிஸ் ஆசைப்பட்டது என்ன, அலங்காரப் போலி இல்லாம நேர்மையா செஞ்ச சாமான் சாதாரண ஆளு வீட்டுக்குப் போகணும்னு. அது நடந்தது மேதையால இல்ல, மரம் இல்லாததால, அதுவும் அரசாங்க ஆர்டர்ல. ஜனங்களுக்கு அது பிடிச்சிருந்துச்சான்னு கேட்டா, அவ்வளவா இல்ல. 1952-ல திட்டம் முடிஞ்சதும் பளபளன்னு வளைவும் நெளிவுமா இருக்குற சாமானுக்குத் தான் நிறைய பேர் ஓடுனாங்க, பத்து வருஷம் விரதம் இருந்தவன் விருந்துக்குப் போன மாதிரி. தப்பு சொல்லவும் முடியாது, நல்ல ரசனையை அரசாங்கம் ஊட்டி விட்டா யாருக்குத் தான் பிடிக்கும். ஆனா அந்த யூட்டிலிட்டி அலமாரிங்க பலது இன்னும் கதவு இறங்காம இருக்கு.

போர் முடிஞ்சப்ப மரம் தான் இல்ல, அலுமினியம் குவிஞ்சு கிடந்துச்சு, உடைஞ்ச போர் விமானம் எல்லாம் ஸ்கிராப்பா. எர்னஸ்ட் ரேஸ்னு ஒருத்தர், நோயல் ஜோர்டன்ங்கிற இன்ஜினியரோட சேர்ந்து 1945-ல அந்த அலுமினியத்தை உருக்கி வார்த்து பிஏ சேர்னு ஒரு சேர் செஞ்சாரு. கால் டி எழுத்து மாதிரி குறுக்குவெட்டு, கீழ போகப் போக மெலியும், மரம் அப்படி மெலிஞ்சா ஒடிஞ்சுடும், அலுமினியத்துக்கு அது போதும். தச்சர் தேவையில்ல, மர பர்மிட் தேவையில்ல. ரெண்டரை லட்சம் சேருக்கு மேல செஞ்சாங்க, 850 டன் ஸ்கிராப் உள்ள போச்சு. இந்த ரேஸ் 1937-ல மெட்ராஸ் வந்திருக்காரு, அவரோட அத்தையோ சித்தியோ மிஷனரியா இருந்து நெசவு நடத்திட்டு இருந்தாங்க, அங்க தன் டிசைன்ல துணி நெய்ய வெச்சு லண்டன்ல கடை போட்டு வித்தாரு, ஃபர்னிச்சருக்கு வந்ததே அதுக்கப்புறம் தான். 1951-ல நடந்த ஃபெஸ்டிவல் ஆஃப் பிரிட்டன்ங்கிற தேசியக் கண்காட்சிக்கு, தேம்ஸ் கரையில ராயல் ஃபெஸ்டிவல் ஹால் மொட்டை மாடியில போட, ஆன்டிலோப்னு கம்பியை வளைச்சு ஒரு சேர் செஞ்சாரு, காலுக்கடியில சின்ன உருண்டை, அணுகுண்டு காலம் இல்லையா, அப்ப எல்லாத்துலயும் அணு உருண்டை தான் ஃபேஷன்.

விக்கம்லயும் கதை நிக்கல. இத்தாலியில பொறந்து சின்னப் பிள்ளையா லண்டன் வந்த லூசியன் எர்கோலானி 1920-ல அங்க ஃபேக்டரி வெச்சாரு, எர்கோல்னு பிராண்டு. 1944-ல அரசாங்கம் அவர்கிட்ட ஒரு லட்சம் சமையல்கட்டு சேர் கேட்டுச்சு, ஒண்ணு பத்து ஷில்லிங் ஆறு பென்ஸ் தான் கொடுப்போம்னு. மனுஷன் பாட்ஜருங்க கையால செஞ்ச அந்த வின்ட்ஸர் சேரை எடுத்து, ஒவ்வொரு வேலையையும் மிஷினுக்கு மாத்தி, எல்ம் பலகையையும் ஆவி வளைவையும் விடாம, அந்த விலைக்குள்ள செஞ்சு முடிச்சாரு. அப்புறம் வந்த அவரோட எல்லா மாடலுக்கும் அந்த ஆர்டர் தான் பள்ளிக்கூடம்.

அதே ஊர்ல 1915-ல பொறந்தவர் ராபின் டே. சேர் ஊர்ல பொறந்தவர் கடைசில மரமே இல்லாத சேரைச் செஞ்சாரு. பாலிப்ரொப்பிலீன்ங்கிற பிளாஸ்டிக் 1950-கள்ல தான் கண்டுபிடிச்சாங்க, ஹில் கம்பெனிக்காக 1963-ல டே அதுல ஒரு சேர் போட்டாரு. முதுகும் சீட்டும் ஒரே ஓடு, அச்சுல பிளாஸ்டிக்கை அழுத்தி ஒரே தடவையில எடுக்குறது, ஓரத்தை கீழ மடிச்சு விட்டிருப்பாரு, அந்த மடிப்பு தான் மெல்லிசான ஓட்டுக்கு விறைப்பு கொடுக்குது, அடியில கால் மாட்டுற குமிழும் அதே வார்ப்புல, அதனால உக்கார்ற பக்கம் ஒரு ஸ்க்ரூ கூட தெரியாது. ஒரே அச்சுல வாரத்துக்கு 4,000 ஓடு. இரும்புக்கால் மாட்டி ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கலாம். நம்ம கல்யாண மண்டபத்துல அடுக்கி வெச்சிருக்குற காலும் சேர்ந்த முழு பிளாஸ்டிக் சேர் வேற வம்சம், இது அதுக்கு முன்னாடி. ஸ்கூல், ஆஸ்பத்திரி, சர்ச் ஹால்னு 1.4 கோடிக்கு மேல வித்துச்சு. போட்ஸ்வானாவுல மரத்தோணிக்குள்ள இந்த ஓட்டை வெச்சு உக்காந்து துடுப்பு போடுறாங்கன்னு தெரிஞ்சப்ப டேக்கு ரொம்ப சந்தோஷமாம். அவர் மனைவி லூசியன் டே துணி டிசைன்ல அவருக்குச் சமமா பேர் வாங்குனவங்க, ஆனா அவங்க கதை தனியாவே எழுதணும்.

1964-ல டெரன்ஸ் கான்ரன் லண்டன் ஃபுல்ஹம் ரோட்ல ஹேபிடாட்ங்கிற வீட்டுச் சாமான் கடையைத் திறந்ததும் ஆட்டம் மாறிடுச்சு, அதுக்கப்புறம் டிசைன் பண்ணுறவனை விட கடை வெக்கிறவன் தான் பெரிய ஆளு. 1987-ல ஐக்கியா வாரிங்டன்ல முதல் கடை போட்டுச்சு, 1992-ல ஹேபிடாட்டையே ஐக்கியா பக்கத்து ஆளுங்க வாங்கிட்டாங்க.

ஹை விக்கம் ஃபேக்டரிங்க ஒவ்வொண்ணா மூடுச்சு, எர்கோல் 2002-ல பக்கத்து ஊருக்கு போயிடுச்சு. ஊரோட ஃபுட்பால் டீமை இன்னும் சேர்பாய்ஸ்னு தான் கூப்பிடுறாங்க. எல்ம் மரமும் இல்ல, 1960-கள் கடைசியில வந்த டச் எல்ம் நோய் ஒரு வண்டு மூலமா பரவி ரெண்டரைக் கோடி மரத்துக்கு மேல காலி பண்ணிடுச்சு. அதனால தான் பழைய எர்கோல் சேரைக் கையில எடுக்குற வியாபாரி முதல்ல முதுகைப் பாக்கமாட்டான், சீட் பலகையைத் தடவி அந்த அலை அலையான எல்ம் ரேகை இருக்கான்னு தான் பாப்பான்.